பெயிண்டுக்கு அடியில் யார்? ஒரு பழைய சைக்கிள் பிரேமின் தயாரிப்பாளரைத் தேடிய அனுபவம்

பெயர் அழிந்த பழைய சைக்கிள் பிரேம் ஒன்று கைக்கு வந்தால், எல்லோரும் முதலில் தேடுவது வரிசை எண்ணைத்தான். எண் கண்ணில் பட்டுவிட்டால் ஜாதகமே கிடைத்த மாதிரி ஒரு சந்தோஷம். ஆனால் உலகத்து சைக்கிள் எண்களையெல்லாம் திரட்டி வைத்த பதிவேடு என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் இஷ்டத்துக்கு எண் போட்டது. முதல் எழுத்து 'பி' (B) என்று இருக்கிறது என்று வையுங்கள். 1960களின் பிற்பகுதியில் வந்த அமெரிக்காவின் ஷ்வின் சைக்கிளில் அது பிப்ரவரி மாதம். ஜப்பானின் மியாட்டாவில் அதே எழுத்து 1973ஆம் வருடம். இன்னொருவரிடம் அது வெறும் மாடல் குறியாக இருக்கும். கம்பெனி எது என்று தெரிந்த பிறகுதான் எண் பேசும். கம்பெனியைக் கண்டுபிடிக்க எண் உதவுவது அபூர்வம்.

அதனால் நான் எண்ணைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மரையிலிருந்து, அதாவது பாகங்களைத் திருகி மாட்டும் புரியிலிருந்து, தொடங்குகிறேன். இந்தப் பழக்கம் ஒரு நீலப் பிரேமால் வந்தது.

தெரிந்தவர் ஒருவர் கிடங்கைக் காலி செய்துகொண்டிருந்தார். "இரும்புக்குப் போடத்தான் ஒதுக்கி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்" என்றார். சக்கரம் இல்லை, ஹேண்டில்பார் இல்லை. பிரேம், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க், பெடல் மாட்டும் கிராங்க் துருவேறியபடி, அவ்வளவுதான். மேலே ஸ்பிரே கேனில் யாரோ அவசரமாக அடித்த கருநீலம், சொட்டுச் சொட்டாக வழிந்து காய்ந்திருந்தது. தூக்கியதும் கை ஏமாந்தது. எதிர்பார்த்ததைவிட அத்தனை லேசு. பின்சக்கர அச்சு உட்காரும் இரண்டு பட்டைகளிலும் நீலத்துக்கு அடியில் 'கம்பாஞோலோ' என்ற எழுத்து புடைத்துத் தெரிந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "இத்தாலி பிரேம். சந்தேகமே வேண்டாம்."

சந்தேகம் வேண்டும். அந்தக் காலத்தில் நல்ல பிரேம் செய்தவர்கள் குழாயைத் தாங்களே இழுக்கவில்லை, பட்டைகளைத் தாங்களே அடிக்கவில்லை. குழாய் பர்மிங்காமின் ரெய்னால்ட்ஸிடமிருந்து வரும், அல்லது மிலானின் கொலம்பஸிடமிருந்து வரும். குழாய்கள் சேரும் மூலைகளில் மாட்டும் லக் பிரான்ஸின் நெர்வெக்ஸிலிருந்து வரும். பின்பட்டை இத்தாலியின் விசென்ஸாவில் இருக்கும் கம்பாஞோலோவிடமிருந்து வரும். எல்லாவற்றையும் வாங்கி, அறுத்து, அரம் போட்டு, பித்தளையோ வெள்ளியோ உருக்கிப் பற்றவைத்தவர்தான் பிரேம் செய்தவர். ஆக, பட்டையில் இருப்பது பட்டை செய்தவரின் பெயர். அதை வைத்து நாட்டைக்கூடச் சொல்ல முடியாது. 'இது மலிவான பிரேம் இல்லை' என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம்.

என் கணக்கில் சாட்சிகளுக்கு ஒரு தரவரிசை உண்டு. ஸ்டிக்கர், பெயிண்ட், பேட்ஜ் எல்லாம் கடைசி. யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், ஆணியடிக்கலாம். திருகிக் கழற்றக்கூடிய கிராங்க், பிரேக், சக்கரம் அதற்கு மேல் ஒரு படி. பற்றவைத்த லக்கும் பட்டையும் இன்னும் மேலே. எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது, பிரேமில் வெட்டிய மரை. எந்த மரை போடுவது என்பதைத் தொழிற்சாலையில் ஒரு மெஷினும் அதன் வெட்டுக் கருவியும் எப்போதோ தீர்மானித்துவிட்டன. பிற்காலத்து உரிமையாளருக்கு அதை மாற்றும் ஆசை லேசில் வராது.

நான் சொல்லும் மரை இருப்பது கிராங்க் அச்சு ஓடும் குறுக்குக் குழாயில். நாம் பி.பி. (பாட்டம் பிராக்கெட்) என்கிறோமே, அதுதான். இரண்டு பக்கமும் பேரிங்கைத் தாங்கும் கப் திருகப்பட்டிருக்கும். கப்பைக் கழற்றுவதற்கு முன்பே அந்தக் குழாயின் அகலத்தை அளந்துவிடுங்கள். 68 மில்லிமீட்டர் என்றால் ஆங்கில, பிரெஞ்சு, சுவிஸ் மரைகளில் ஒன்று. 70 என்றால் இத்தாலி. 71 அல்லது 76 என்றால் இங்கிலாந்தின் ராலே கம்பெனியாக இருக்க நிறைய வாய்ப்பு. மரையே இல்லாமல் 51 மில்லிமீட்டர் சொச்சம் விட்டத்தில் வெறும் ஓட்டையாக இருந்தால், ஒரே துண்டாக வளைத்த கிராங்க் போடும் அமெரிக்க வகை.

அடுத்தது மரையின் திசை. இடது பக்க கப் எல்லா வகையிலும் வலமரை, வழக்கம்போல இடது பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். விஷயம் வலது பக்கத்தில், செயின் பக்கம் இருக்கிற கப்பில்தான். ஆங்கில, சுவிஸ் முறையில் அது இடமரை. பிரெஞ்சு, இத்தாலிய முறையில் வலமரை. எது என்று தெரியாமல் நீளமான ஸ்பானரைப் போட்டு முழு பலத்தில் முறுக்கினால், கழற்றுவதற்குப் பதில் இறுக்கிக்கொண்டே போவோம். திசை தெரிய கப்பைக் கழற்ற வேண்டும், கப்பைக் கழற்ற திசை தெரிய வேண்டும் என்று ஒரு சிக்கல்.

இதற்கு வழி கப்பின் முகத்திலேயே இருக்கிறது. நீலப் பிரேமை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் ஊறவைத்து, கப்பின் முகத்தில் இறுகிக் கிடந்த கிரீஸை மரக்குச்சியால் சுரண்டினேன். கறுப்புத் தார் மாதிரி சுருள் சுருளாக வந்தது. அப்புறம் பழைய பல் துலக்கும் பிரஷ். விளிம்பை ஒட்டி, அரிசியைவிடச் சின்ன எழுத்தில் '1.370', கொஞ்சம் தள்ளி '24' என்று தெரிந்தது. 1.370 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை. ஆங்கில மரை. கழற்றக்கூடிய பாகங்களில் நான் முழுசாக நம்புவது இந்த கப்பை மட்டும்தான், ஏனென்றால் மரை பொருந்தாத கப் அங்கே உட்காரவே முடியாது. இத்தாலி கப் என்றால் '36, 24' என்று இருக்கும், பிரெஞ்சு கப் என்றால் '35, 1'. எழுத்தே இல்லாத கப்களும் உண்டு. அதைக் கழற்றிய பிறகு, அளவு தெரிந்த இன்னொரு கப்பின் மரையோடு மரையாகச் சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒரே மரை என்றால் பல் பல்லாகப் பொருந்தி வெளிச்சம் வராது. 24க்கும் ராலேயின் 26க்கும் வித்தியாசம் இரண்டு மூன்று பல்லிலேயே தெரிந்துவிடும்.

ஒரு விதிவிலக்கு சொல்லிவிட வேண்டும். ஆங்கில மரை தேய்ந்து போனால், அதைவிடக் கொஞ்சம் பெரிய இத்தாலி அளவுக்கு மறுபடி மரை வெட்டுவது பழைய ரிப்பேர் முறை. அப்படிப்பட்ட பிரேமில் 36 மில்லிமீட்டர் கப் இருக்கும், ஆனால் குழாயின் அகலம் 68ஆகவே இருக்கும். இத்தாலிக்காரர் 70 வைத்திருப்பார். அகலத்தை முதலில் அளக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இத்தாலி கதை அங்கேயே அநேகமாக முடிந்தது. ஆனால் ஆங்கில மரை என்றால் இங்கிலாந்து என்றும் அர்த்தமில்லை. ஷ்வின் கம்பெனியின் உயர்ரக பாரமவுண்ட் பிரேம்களில் ஆங்கில மரைதான். ஜப்பானியப் பந்தய பிரேம்களும் அதே மரையில்தான் வந்தன. பிரெஞ்சுக் கம்பெனிகள்கூடப் பிற்பாடு தங்கள் மரையைக் கைவிட்டன; மோட்டோபெக்கேன் 1970களின் கடைசியில் சுவிஸ் மரைக்குப் போனது. மரை, யார் இல்லை என்பதைச் சொல்லும். யார் என்பதற்கு வேறு அளவுகளும் வேண்டும்.

குழாயின் வெளிவிட்டம் அதில் ஒன்று. ஆங்கில அளவில் சீட் குழாயும் கீழ்க்குழாயும் 28.6 மில்லிமீட்டர், மேல்பார் 25.4. பழைய பிரெஞ்சு அளவில் 28, 26. வித்தியாசம் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். இரண்டு மூன்று கோட் பெயிண்ட் ஏறியிருந்தால் 28 குழாயும் 28.6 காட்டிவிடும். அதனால் விட்டம் அளக்கும் வெர்னியரைப் பெயிண்ட் மேல் வைக்காதீர்கள். கியர் கிளாம்ப் உரசி வெறும் இரும்பு தெரியும் இடம் எங்காவது இருக்கும், அங்கே வையுங்கள்.

சீட்டைத் தாங்கிக் குழாய்க்குள் போகும் சீட் பில்லரின் விட்டம் இன்னும் உபயோகமானது. குழாயின் சுவர் எவ்வளவு மெல்லியதோ, உள்ளே போகும் பில்லர் அவ்வளவு பருமன். வெளிவிட்டம் 28.6 உள்ள குழாயில் 27.2 பில்லர் போனால், சுவர் அரை மில்லிமீட்டரை ஒட்டியது. முனையில் தடித்து நடுவில் மெலிந்த ரெய்னால்ட்ஸ் 531, கொலம்பஸ் எஸ்.எல். போன்ற குழாய்களின் அடையாளம் அது. 531 என்பது 1935லிருந்து சந்தையில் இருந்த குழாய். பில்லர் 26க்கும் கீழே போனால் கனமான சாதாரணக் குழாய் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 28 மில்லிமீட்டர் பிரெஞ்சுக் குழாயில் 26.4 பில்லர் இருந்தால் அது நல்ல பிரேம்தான். வெளி அளவு தெரியாமல் உள் அளவை வைத்து மட்டும் தரத்தைச் சொல்லக் கூடாது. சீட் குழாயின் வாய் கிளாம்ப் இறுக்கி இறுக்கிச் சுருங்கியிருக்கும், ஆகவே கொஞ்சம் உள்ளே தள்ளி, இரண்டு திசையில் அளக்க வேண்டும். நீலப் பிரேம் 27.2 காட்டியது.

இனி ஃபோர்க். அதைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, பிரேமுக்குள் நுழையும் அதன் தண்டுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. கொலம்பஸ் தண்டு என்றால் கீழ்ப்பகுதியில் சுழன்று போகும் வரிப்புடைப்புகள் தெரியும். இதே மாதிரி சுருள் வரிகளை பி.பி. குழாய்க்குள் எட்டிப் பார்க்கும்போது கண்டால் அது 1980களின் கொலம்பஸ் எஸ்.எல்.எக்ஸ். என்னுடையதில் எதுவும் இல்லை, வழவழவென்று இருந்தது. ஆனால் தண்டின் வெளிப்பக்கம், மரைக்குக் கீழே, ஐந்து இலக்க எண் ஒன்று குத்தியிருந்தது. பி.பி.யின் அடியில் நீலத்துக்குள் மங்கலாகத் தெரிந்த எண்ணும் அதேதான். பிரிட்டனின் சிறிய பிரேம் கடைகள் பல இப்படி இரண்டிலும் ஒரே எண்ணைக் குத்துவது வழக்கம். ஃபோர்க் பிரேமோடு பிறந்தது என்பது அதில் உறுதியாயிற்று. ஃபோர்க் மாற்றப்பட்டதா என்று தெரியாமல் ஃபோர்க்கை வைத்து முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

லக்குகளைப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி ருசி. நீலப் பிரேமில் இருந்தது நெர்வெக்ஸ் புரொஃபெஷனல். விளிம்பு சுருண்டு சுருண்டு கூர்மையாக முடியும், ஒரு தடவை பார்த்தால் மறக்காது. இதே லக்கை பியூஜோவின் பி.எக்ஸ்.10லும், பாரமவுண்டிலும், பிரிட்டனின் எத்தனையோ கடைகளின் பிரேம்களிலும் காணலாம். அதனால் லக்கின் வடிவம் பொது. செய்தவரின் கை அதன் முடிப்பில்தான் தெரியும். விளிம்பை அரத்தால் தாள் மாதிரி மெலித்திருக்கிறாரா, வாங்கிய கனத்திலேயே விட்டுவிட்டாரா? பின்சக்கரத்திலிருந்து சீட்டுக்கு ஏறும் சீட் ஸ்டே குழாய்கள் இரண்டும் சீட் லக்கில் வந்து சேரும் இடத்தை எப்படி மூடியிருக்கிறார்? பின்பிரேக் தாங்கும் குறுக்குத் துண்டு நேராகவா, வளைத்தா? இந்த மூன்றையும் பக்கத்தில் போய் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொண்டால், பழைய கேட்டலாக் படங்களோடு ஒப்பிட முடியும்.

சில பிரேம்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஹெட்சின்ஸ் பிரேமின் பின்குழாய்கள் வளைந்து நெளிந்திருக்கும், லக்குகள் கோலம் போட்ட மாதிரி. கொல்னாகோ என்றால் சீட்டுக்கட்டின் கிளாவர் வடிவில் துளை வெட்டியிருப்பார்கள். ஹம்பரின் முன்ஃபோர்க் பக்கத்துக்கு இரண்டு குழாயாக இருக்கும். லக்கே இல்லாமல் மூட்டுகள் மொழுமொழுவென்று உருகி ஓடிய மாதிரி இருந்து, பிரேம் கல் மாதிரி கனத்தால், ஷ்வின் வார்சிட்டி வகையறாவாக இருக்கலாம்.

கடைசியில்தான் பெயிண்ட். இங்கே அவசரமே கூடாது. உப்புத்தாளை எடுத்தால் கிடைக்க வேண்டிய ஒரே எழுத்துச் சாட்சியும் தூளாகப் போய்விடும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் குழாயோடு ஒட்டிப் படுக்கவைத்து, வெளிச்சம் குழாயின் நீளத்துக்கு ஓடும்படி அடிக்க வேண்டும். பழைய எழுத்தைச் சுரண்டாமல் மேலேயே ஸ்பிரே அடித்திருந்தால், எழுத்தின் விளிம்பு மயிரிழை மேடாக நிழல் தட்டும். ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்தலைக் குழாயில் பேட்ஜ் ஆணியின் துளைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா, இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டால், எந்தப் பேட்ஜ் அங்கே உட்கார முடியாது என்று சொல்லிவிடலாம். என் பிரேமில் துளையே இல்லை. ஆக, எழுத்து ஒட்டியதுதான், ஆணியடித்த பேட்ஜ் இல்லை.

கீழ்க்குழாயில் டார்ச்சை நகர்த்திக்கொண்டே போனதில், பி.பி.யை நெருங்கும் இடத்தில் நிழல் விழுந்தது. நாலு எழுத்து: டி, எல், இ, ஆர். அதற்கு முன்னால் இருந்தது சொட்டு வழிந்த பெயிண்டுக்குள் புதைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துப் பார்த்துவிட்டு, தின்னரைத் துணியில் லேசாகத் தொட்டு அந்த இடத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தேன். ஸ்பிரே பெயிண்ட் சீக்கிரம் இளகும். சூளையில் வைத்துச் சுட்ட பழைய எனாமல் தாக்குப்பிடிக்கும். ஆனால் நடுவில் இருக்கும் எழுத்து எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது, அதனால் ஒவ்வொரு ஒற்றுக்கும் ஒரு ஃபோட்டோ. அடியிலிருந்து ஒரு மரூன் நிறமும், தங்க நிறத்தில் 'பட்லர்' என்ற பெயரும் மெல்ல மேலே வந்தன.

கிளாட் பட்லர். லண்டனில் 1928ல் தொடங்கிய பெயர். இங்கிலாந்தின் கிளப் சைக்கிள் ஓட்டக்காரர்களிடையே பிரபலம்.

பெயர் கிடைத்ததும் கதை முடிந்தது என்று நினைப்போம். ஆனால் பெயரும் தயாரிப்பாளரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கிளாட் பட்லர் கம்பெனி 1950களின் பிற்பகுதியில் நொடித்துப்போய், பெயரை ஹோல்ட்ஸ்வொர்த் வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அதே பெயரில் வந்த பிரேம்களைப் பற்றவைத்தது வேறு கைகள். கம்பாஞோலோ பட்டை, பின்சக்கர இடைவெளி ஐந்து பல்சக்கரத்துக்கான 120 மில்லிமீட்டர், எண்ணின் அமைப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், என்னுடையது ஹோல்ட்ஸ்வொர்த் காலத்தது என்பதுதான் என் பந்தயம்.

இது ஏதோ ஒரு கம்பெனியின் தனிக் கதை இல்லை. ராலே 1932ல் ஹம்பர் சைக்கிளையும், 1943ல் ரட்ஜையும், 1957ல் பி.எஸ்.ஏ. சைக்கிளையும் வாங்கியது. 1960ல் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தோடு சேர்ந்தபோது ஹெர்குலஸ், பிலிப்ஸ் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் வந்தன. பேட்ஜில் ஒரு பெயர், பல்சக்கரத்தில் அதே பெயரின் சின்னம், ஆனால் பி.பி. மரையை எண்ணினால் ராலேயின் 26. எனக்கு வந்த ஒரு ரட்ஜ் ரோட்ஸ்டரில் அப்படித்தான் இருந்தது. ஜப்பானிய, தைவான் பிரேம்களில் இது இன்னும் சகஜம். செஞ்சூரியன் என்பது அமெரிக்க இறக்குமதியாளர்களின் பெயர், செய்தது முதலில் ஜப்பானியத் தொழிற்சாலைகள், பிற்பாடு தைவான் தொழிற்சாலைகளும். ஷ்வினுக்கு பானசோனிக்கும் ஜெயன்ட்டும் பிரேம் செய்து கொடுத்திருக்கின்றன. 'யார் செய்தது' என்று கேட்பவர் பெயரைக் கேட்கிறாரா, தொழிற்சாலையைக் கேட்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வருடம் தெரிய வேண்டுமானால் பாகங்கள் உதவும், சக்கரம் மாறியிருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு. ஸ்டர்மி ஆர்ச்சர் கியர் ஹப்பின் உடம்பில் '58', '9' என்று குத்தியிருந்தால் 1958 செப்டம்பர். பழைய கம்பாஞோலோ ஹப்பின் பூட்டு நட்டில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும். அதன் பின்கியரில் 'பேட்டண்ட் 73' என்பது போல ஓர் எண். ஷிமானோ பாகங்களின் பின்பக்கம் இரண்டு எழுத்து இருக்கும்: முதல் எழுத்து வருடம், 'ஏ' என்றால் 1976, இரண்டாவது மாதம். மூன்று நான்கு பாகங்கள் ஒரே வருடத்தைச் சுற்றி நின்றால் நம்பலாம். ஒன்று மட்டும் சொன்னால் அது அந்தப் பாகத்தின் வயது, அவ்வளவே.

இப்போது எண்ணுக்கு வருவோம். பி.பி.யின் அடி, சீட் லக், பின்பட்டை, முன்தலைக் குழாய் என்று எங்கேயும் இருக்கலாம். ஷ்வின் 1970லிருந்து முன்தலைக் குழாய்க்கு மாற்றியது. மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் பெயிண்டுக்குள் மறைந்த இலக்கமும் தாளில் ஏறும். '57' என்றோ '22' என்றோ தனியாக இருந்தால் அது பிரேமின் உயரமாக இருக்கலாம். இலக்கங்கள் கோணல்மாணலாக, எழுத்தும் எண்ணும் கலந்து இருந்தால் திருட்டுக்குப் பயந்து உரிமையாளர் குத்திய அஞ்சல் குறியீடாகக்கூட இருக்கும். பிரிட்டனில் அந்த வழக்கம் உண்டு. லக்கின் மேல் புடைத்து நிற்கும் எண் லக்கின் மாடல். தொழிற்சாலை எண் பெரும்பாலும் ஒரே அளவு அச்சில், ஓரளவு நேர்வரிசையில் இருக்கும்.

விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்பதாக இருந்தால், 'இது என்ன சைக்கிள்?' என்று ஒரு தூரத்துப் படம் மட்டும் அனுப்பாதீர்கள். செயின் பக்கத்திலிருந்து, கேமராவைப் பி.பி. உயரத்துக்கு இறக்கி, முழு பிரேமும் தெரிய ஒரு படம். அப்புறம் முன்தலை லக்குகள், சீட் லக் பின்னாலிருந்து, ஃபோர்க்கின் தோள், இரண்டு பின்பட்டைகளும் உள்ளும் புறமும், பி.பி.யின் அடி. கூடவே பி.பி. அகலம், மரை, பில்லர் விட்டம், குழாய் விட்டம், பின்சக்கர இடைவெளி. பெயிண்ட் அடிக்கும் திட்டம் இருந்தால், பதில் வரும்வரை தள்ளிப்போடுங்கள்.